கச்சாங் பூத்தே கையோடு கீபோர்டைத் தொடாதீர்கள்: ஓர் ஈப்போ அலுவலகத்தின் குறிப்புகள்

ஈப்போ பழைய நகரில், ஒரு கடைவீட்டின் மாடியில் நடக்கிறது எங்கள் வெப்டிசைன் அலுவலகம். ஆள் குறைவு, பேச்சு அதிகம். சமையலறைக்கு ஆயிரம் குறிப்பு எழுதியாகிவிட்டது; அகப்பக்கம் செய்கிறவர்களுக்கும், அதைச் செய்யச் சொல்லிக் காசு கொடுக்கிற கடைக்காரர்களுக்கும் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. பாதி வேடிக்கை, பாதி காசு சம்பந்தப்பட்டது. எது எந்தப் பாதி என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

1. காலையில் வேலை தொடங்குமுன் எல்லாரும் நின்றபடியே பத்து நிமிடம் பேசிவிடுங்கள். எங்களிடம் அதற்குப் பெயர் ‘பிரட்டு’. ரப்பர் தோட்டத்தில் விடியுமுன்னே பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த இடம் என்று சொல்லி அனுப்புவார்கள். எங்களில் பலர் சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள். அதனால் வேலை பிரித்துக் கொடுக்கும் அக்கா ‘கங்காணி’, பில் போடுகிறவர் ‘கிராணி’, முதலாளி ‘துரை’. துரைக்கு இது தெரியும். சம்பள நாள் நெருங்கினால் மட்டும் காதில் விழாததுபோல் இருப்பார். பிரட்டில் யாரும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் எங்கே பசியாறலாம் என்ற பேச்சு வந்துவிடும்.

2. தோட்டத்தில் காலை மழை பிடித்தால் வெட்டு கிடையாது. எங்களுக்கு எதிரி பிற்பகல் இடி. கிந்தா பள்ளத்தாக்கில் வெயில் ஏறி, மலைப்பக்கம் மேகம் கறுத்துவிட்டால் முதல் உறுமலிலேயே மோடத்தின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பழைய செப்புக் கம்பித் தொலைபேசி இணைப்பாக இருந்தால் அந்தக் கம்பியையும் கழற்ற வேண்டும். இடி அந்த வழியாகவும் வரும். யூபிஎஸ் வாங்கினால் அதை வாங்கிய தேதியை அதன் முதுகிலேயே எழுதி ஒட்டுங்கள். நாலைந்து வருடத்தில் உள்ளேயிருக்கும் பேட்டரி ஓய்ந்துவிடும், ஆனால் பச்சை விளக்கு மட்டும் நல்ல பிள்ளையாக எரிந்துகொண்டிருக்கும்.

3. கீபோர்டில் எறும்பு என்றால் மேலே பூச்சிமருந்து அடிக்காதீர்கள். கழற்றித் தலைகீழாகத் தட்டினால் போதும். விழுவதைப் பார்த்தாலே எந்த மேசையில் யார் என்ன தின்றார் என்று கங்காணிக்குத் தெரிந்துவிடும்.

4. வெள்ளைக் காப்பி கொட்டிவிட்டால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள், துடைப்பதெல்லாம் பிறகு. மடிக்கணினியைத் திறந்தபடியே கவிழ்த்து, கூடாரம்போல் மேசை விளிம்பில் நிறுத்துங்கள். ஹேர் டிரையரால் சூடாக ஊதினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நெளியும். அரிசி டின்னில் புதைக்கும் வைத்தியமும் வேண்டாம். நனைந்த கைப்பேசியை அரிசியில் வைக்க வேண்டாம், அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஈப்போ காப்பியில் கெட்டிப்பாலும் சேர்ந்திருப்பதால் ஈரம் காய்ந்தாலும் சர்க்கரை உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். மறுநாள் வேலை செய்கிறதே என்று மகிழாமல் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். காப்பி ஓ குடிப்பவர்களுக்கு ஆபத்து குறைவு. அதுவும் சீனி போடாதவர்களாக இருந்தால்.

5. இனி தலைப்புக்கு வருகிறேன். புந்தோங்கில் கம்போங் கச்சாங் பூத்தே என்றே பேர் வாங்கிய ஒரு பகுதி உண்டு. எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் கையிலெடுத்த தொழில், கச்சாங் பூத்தே என்கிற கடலை, முறுக்கு விற்பனை. தலையில் தட்டு வைத்து விற்றதிலிருந்து சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மாறி, இப்போது கைப்பேசி ஆர்டர்வரை வந்துவிட்டது. அந்தத் தொழிலில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் பொட்டலங்களோடுதான் வருவார். அன்றைக்கு யாரும் எதையும் மறுத்துப் பேசமாட்டோம். கூட்டம் முடிந்தபின் மௌஸ் எல்லாம் எண்ணெய். அதனால் பொட்டலத்தோடு ஒரு கரண்டியோ சாப்ஸ்டிக்கோ மேசையில் வைத்துவிடுங்கள். சீனக் கடையில் மீ சாப்பிட்டுப் பழகிய கைகளுக்குச் சாப்ஸ்டிக்கில் கடலை எடுப்பது பெரிய வித்தையல்ல.

அவர் பக்கத்துக்குப் படம் எடுத்தபோது கற்றதையும் சொல்லிவிடுகிறேன். முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடா, மசாலாக் கடலை எல்லாம் படத்தில் ஒரே மஞ்சளாகத்தான் விழும். வெள்ளைத் தட்டைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு, கறுப்புத் தட்டில் அல்லது வாழை இலையில் பரப்புங்கள். காலை நேரத்தில் ஜன்னலோரம் எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். பொட்டலத்தின் எடையைப் படத்துக்குக் கீழேயே போடுங்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் அந்தக் கேள்விதான் நாள் முழுக்க வரும். கடலை, கோதுமை, பால், முட்டை, மீன் சேர்ந்திருந்தால் உணவுப் பொட்டலத்தில் குறிப்பிட வேண்டும் என்பது நம் நாட்டு 1985-ஆம் ஆண்டு உணவு விதிகளில் உள்ளது. அதே வரியை அகப்பக்கத்திலும் போடுவதில் செலவொன்றும் இல்லை.

6. வாடிக்கையாளர் படம் அனுப்பினால், வாட்ஸ்அப்பில் ‘டாக்குமெண்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். லோகோ கேட்டால் பெயரட்டையைப் படம் பிடித்து அனுப்புவார்கள். அட்டையைப் பிடித்திருக்கும் கட்டைவிரலும் சேர்ந்தே வரும். அட்டை அடித்த அச்சகத்தில் ‘ஏஐ’ அல்லது ‘பிடிஎஃப்’ கோப்பு இன்னும் இருக்கிறதா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இருக்கும். யாரும் கேட்காததால்தான் கொடுத்திருக்க மாட்டார்கள்.

7. எழுத்து வந்து சேரும்வரை இடத்தை நிரப்ப வேடிக்கையாக எதையும் தட்டிவைக்காதீர்கள். ‘இங்கே உங்கள் வாசகம் வரும்’ என்று சலிப்பூட்டும்படி எழுதுங்கள். அலுவலக ஜோக் ஒன்று கல்யாண மண்டபத்தின் முகப்புப் பக்கத்தில் ஏறிவிட்டால், அதைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் மண்டபத்துக்காரர்தான். உலகமெங்கும் வடிவமைப்பாளர்கள் போடும் ‘லோரம் இப்சம்’ கூட சிசரோ கி.மு. 45-இல் எழுதிய நூலைச் சிதைத்து எடுத்ததுதான். அது யாருக்கும் புரியாது என்பதே அதன் பெருமை.

8. குரல் பதிவு. இதைக் கொஞ்சம் விரித்துத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் சண்டைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. வாடிக்கையாளர் காரை ஓட்டிக்கொண்டே பேசுவார். பின்னால் சேவல் கூவும், தொலைக்காட்சியில் யாரோ மருமகளைத் திட்டிக்கொண்டிருப்பார். நடுவில், “தம்பி, அந்தப் பச்சை வேணாம் லா, பழைய பச்சையே போடு” என்று ஒரு வரி. எந்தப் பச்சை? அதற்குள் அவர் ஒரு திருமண வீட்டுக்குள் போய்விடுவார்.

கேட்டு முடித்ததும் மூன்று வரியில் எழுதித் திருப்பி அனுப்புங்கள்: “அண்ணே, நீங்கள் சொன்னது: ஒன்று, முகப்பில் பழைய பச்சை. இரண்டு, தொலைபேசி எண் மாற்றம். மூன்று, மெனு படம் திங்கட்கிழமை தருவீர்கள். சரிதானே?” அவர் ஒரு கட்டைவிரல் போடுவார். அது போதும். மலேசியாவில் 2006-ஆம் ஆண்டின் மின்வணிகச் சட்டப்படி, வணிக விவகாரத்தில் ஒரு தகவல் மின்வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் அது செல்லாது என்று தள்ளிவிட முடியாது. சட்டம்வரை போகவே தேவையில்லை என்பதுதான் இந்த மூன்று வரியின் பயன். மாதம் கழித்து “நான் எப்பப்பா அப்படிச் சொன்னேன்?” என்று கேட்டால், மேலே தள்ளிக் காட்டிவிட்டுத் தேநீர் குடிக்கலாம். கடைக்காரர்களும் இதைச் செய்யலாம். டிசைனருக்கும் மறதி உண்டு.

9. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முன்னால் போடுங்கள். கணினி தானாக ஒழுங்காக அடுக்கிவிடும். ‘ஃபைனல்’ என்ற சொல்லை எங்கள் அலுவலகத்தில் தடை செய்துவிட்டோம். ‘பேனர்_ஃபைனல்_ஃபைனல்_துரை ஓகே_2’ என்ற கோப்பு இன்னும் எங்கள் வன்வட்டில் இருக்கிறது. அதைத் திறக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

10. “லோகோவைக் கொஞ்சம் பெரிசாக்குங்க” என்றால் சலித்துக்கொள்ளாமல் காரணம் கேளுங்கள். வருகிறவர்களுக்குக் கடைப் பெயர் கண்ணில் படாமல் போய்விடுமோ என்பதுதான் அந்தப் பயம். கடைப் பெயரைப் படமாக மட்டும் விடாமல் எழுத்தாகவும் மேலே போட்டு, தொட்டால் அழைப்பு போகிற மாதிரி எண்ணைப் பக்கத்தில் வையுங்கள். லோகோ பேச்சே அடங்கிவிடும்.

11. தமிழ் எழுத்து. மலேசியாவில் இருந்துகொண்டு இதில் கோட்டை விடுவது நமக்கே அடுக்காது. முத்து நெடுமாறன் 1980-களின் நடுவிலேயே முரசு மென்பொருளை உருவாக்கியது இந்த நாட்டில்தான். தமிழ் இணைய மாநாடு 2001-இல் கோலாலம்பூரில் நடந்திருக்கிறது. ஆனாலும் இன்றைக்கும் பதாகைகளில் கொம்பு ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாக நிற்கிறது. காரணம் பெரும்பாலும் மூன்றுதான்.

பழைய ஃபோட்டோஷாப்பில் ‘டைப்’ அமைப்புக்குள் போய் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்’ என்பதைத் தேர்ந்தெடுக்காமல் விட்டிருப்பார்கள். இன்டிசைனில் இதற்கு ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’. அடுத்து, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய வாசகத்தை யூனிகோடுக்கு மாற்றாமல் அப்படியே ஒட்டுவது. மூன்றாவது, ஆங்கிலத் தலைப்புக்கு அழகாக இருந்த எழுத்து இடைவெளியைத் தமிழுக்கும் கூட்டிவிடுவது. காலும் கொம்பும் சொந்த எழுத்தோடு கோபித்துக்கொண்டதுபோல் விலகி நிற்கும். தமிழுக்கு எழுத்து இடைவெளியைப் பூஜ்யத்தில் விட்டு, வரி இடைவெளியைத் தாராளமாகக் கூட்டுங்கள். பொத்தானை ஆங்கிலச் சொல்லை அளந்து செய்யாதீர்கள். ‘செண்ட்’ நிற்கிற இடத்தில் ‘அனுப்புங்கள்’ நிற்க வேண்டும்.

அச்சகத்துக்கு அனுப்பும்போது எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றிய பிடிஎஃப் அனுப்புங்கள். அச்சடிக்கிறவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அவர் கணினியில் எழுத்துரு மாறிப்போனாலும் அவருக்குத் தெரியப் போவதில்லை. கடைசியாக, தமிழ் படிக்கத் தெரிந்த, கணினி தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். எங்களுக்கு அது கிராணியின் அம்மா. அவர் கண்ணுக்குத் தப்பிய ஒற்றுப்பிழை இதுவரை இல்லை.

12. பலகாரக் கடைக்காரர்கள் தீபாவளிக்கு முந்தின வாரம் வந்து “ஒரு ஆர்டர் பக்கம் வேணும்” என்பார்கள். புரட்டாசி பிறக்குமுன் அந்தப் பக்கம் தயாராக இருக்க வேண்டும். அதில் கடைசித் தேதி, ஒரு நாளைக்கு எத்தனை டின் முடியும், எத்தனை மணிக்கு வந்து எடுக்கலாம் என்ற மூன்றும் இல்லாவிட்டால் பக்கம் இருந்தும் பயனில்லை. புரட்டாசியில் மரக்கறி தேடுபவர்கள் அதிகம் என்பதைச் சாப்பாட்டுக் கடைக்காரர்களும் நினைவில் வைக்கலாம். கூகள் வரைபடத்தில் விழா நாள் கடை நேரத்தை மாற்றிவையுங்கள். தைப்பூசத்தன்று கல்லுமலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள் பூட்டிய கடை வாசலில் நின்று ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார்கள்.

13. கைப்பேசியில் திறக்கும் பக்கத்தில் டூயிட்நவ் கியூஆர் படத்தை வைத்து ‘ஸ்கேன் செய்யுங்கள்’ என்று எழுதாதீர்கள். அதே கைப்பேசியால் அதையே எப்படி ஸ்கேன் செய்வது? படத்தைச் சேமித்துக்கொள்ள ஒரு பொத்தான் வையுங்கள். வங்கிச் செயலிகள் பலவற்றில் சேமித்த படத்தைத் திறந்தே பணம் அனுப்பலாம்.

14. முன்னாள் தோட்ட மக்களும் தோட்டத் தமிழ்ப்பள்ளி மாணவர்களும் ஒன்றுகூடல் பக்கம் கேட்டு வருவது கூடிக்கொண்டிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். காசு குறைவு, காப்பி அதிகம். ஒரு குழுவில் வந்த ஐயா, “1877-இல இருந்து தொடங்கணும்” என்றார். கோலகங்சாரில் முதல் ரப்பர் கன்றுகள் வேரூன்றிய ஆண்டு அது. அங்கே ஒரு மரம் இன்னும் நிற்கிறது. இன்னொருவர், தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றதையும், சுங்கை சிப்புட் பக்கத்தவரான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதையும் முகப்பிலேயே போட வேண்டும் என்றார். இரண்டுமே பக்கத்தில் இருக்க வேண்டியவைதான். ஆனால் வருகிறவர்கள் முதலில் தேடுவது வகுப்புப் படத்தில் தங்கள் அம்மா எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை. படங்களை முன்னால் வையுங்கள், வரலாற்றைப் பின்னால் வையுங்கள்.

பழைய படங்களைக் கையாள்வது பற்றி: ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை நகத்தால் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். சிறிய படத்துக்கு 600 டிபிஐ வையுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னலோர வெளிச்சத்தில், கண்ணாடிச் சட்டத்தை நீக்கி, கைப்பேசியைப் படத்துக்கு நேராகப் பிடித்து எடுங்கள். படத்தின் பின்னால் பேனாவால் எழுதக் கூடாது, மை முன்பக்கம் ஊறும். மென்மையான பென்சில் போதும். பெயர் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே உட்கார வைத்துக் கேட்டு எழுதிவிடுங்கள். தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும் லயத்தில் ஒரு பெயரும் இருந்திருக்கும். இரண்டையும் போடுங்கள், டிவிஷன் எண்ணோடு. பேரப்பிள்ளை தேடும்போது பாட்டி சொன்ன பெயரைத்தான் தட்டுவான். செம்பனை நட்டு, பின்னர் வீடமைப்பாகவும் மாறிய இடங்களில் அந்தப் பெயர் வரைபடத்தில்கூட இருக்காது.

15. தொடர்புப் படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்காதீர்கள். முறுக்கு வாங்குகிறவருக்கு அது எதற்கு? பெயர், எண், என்ன வேண்டும். முடிந்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. தரவு எதற்கு எடுக்கிறோம் என்ற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது அது. தமிழ்ப் பக்கம் என்பதற்காகத் தமிழில் மட்டும் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள்.

16. பணம். பாதி முன்பணம், மீதி பக்கம் ஏறும்போது. எத்தனை முறை திருத்தம் என்பது விலைப்பட்டியலிலேயே. இதில் கூச்சப்பட்டால் “நம்ம ஆளுதானே” என்ற ஒரே சொல்லில் ஒரு வருடம் ஓடிவிடும். கூடவே இரு தரப்புக்கும் ஒரு சேதி: நம் நாட்டு 1987-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, சொல்லிச் செய்வித்த படைப்பின் உரிமை செய்யச் சொன்னவருக்கே போனதாகக் கொள்ளப்படும். பணம் முழுக்க வந்தபிறகுதான் உரிமை மாறும் என்று டிசைனர் நினைத்தால் அதை முன்கூட்டியே எழுத வேண்டும். தனியாளாக வேலை செய்து பணம் வராமல் தவிப்பவர்களுக்கு, 5,000 ரிங்கிட்வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழி இருக்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை.

17. குளிர்சாதனப் பெட்டியில் தாப்பாவ் பொட்டலத்தின் மேல் பெயரும் தேதியும் எழுதுங்கள். பெயர் இல்லாத பொட்டலம் துரைக்குச் சொந்தம் என்பது எங்கள் அலுவலகச் சட்டம். இயற்றியது துரை.

18. வெள்ளிக்கிழமை மாலை எதையும் ஏற்றாதீர்கள்.

19. கடைசிக் குறிப்பு கடைக்காரர்களுக்கு. டொமைன் என்கிற உங்கள் இணைய முகவரி யார் பெயரில் இருக்கிறது? “அண்ணன் மகன் கம்ப்யூட்டர் படிச்சான், அவன்தான் போட்டுக் கொடுத்தான்” என்பார்கள். அண்ணன் மகன் இப்போது சிங்கப்பூரில். முகவரி அவன் பெயரில், அவனுடைய பழைய மின்னஞ்சலில். புதுப்பிக்கச் சொல்லும் கடிதமெல்லாம் அங்கேதான் போய்க் குவியும். கெடு முடிந்தால் பக்கம் மட்டுமல்ல, அந்த முகவரியில் வரும் மின்னஞ்சலும் நின்றுவிடும். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே பாஸ்போர்ட்.காம் முகவரியைப் புதுப்பிக்க மறந்து, ஹாட்மெயிலுக்குள் பலரால் நுழைய முடியாமல் போனது. சம்பந்தமில்லாத ஒரு லினக்ஸ் நிரலர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டிச் சரிசெய்தார். உங்களுக்காக அப்படி யாரும் கட்டமாட்டார்கள்.

டாட் காம் டாட் எம்ஒய் முகவரிக்கு நிறுவனப் பதிவுச் சான்று கேட்பார்கள், ஆகவே அதைக் கடையின் பெயரிலேயே எடுங்கள். டாட் எம்ஒய் முகவரிகளை நிர்வகிக்கும் மைநிக் தளத்தில் ‘ஹூயிஸ்’ தேடலில் உங்கள் முகவரியைத் தட்டிப் பார்க்கலாம். தபாலில் அல்லது மின்னஞ்சலில் ‘உடனே புதுப்பிக்கவும்’ என்று வரும் பில்லை, நீங்கள் வாங்கிய இடத்திலிருந்துதான் வந்ததா என்று பார்க்காமல் கட்டாதீர்கள், போலிகள் நிறைய. கடவுச்சொல், புதுப்பிக்கும் தேதி, எந்த மின்னஞ்சலில் பதிவு என்ற மூன்றையும் எழுதி, கடையின் வணிக உரிமப் பத்திரம் இருக்கும் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். வெப்டிசைனர் தரமாட்டேன் என்றால், அது நாங்களாகவே இருந்தாலும், கேட்டு வாங்குங்கள்.

இன்றிரவு கடை சாத்துமுன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அண்ணன் மகனின் எண் தேவைப்பட்டால், அவன் அம்மாவிடம் இருக்கும்.